முள் நகராத சிலிண்டர்

தம்பி: சத்தியமாக்கா, காலையிலேர்ந்து நம்ம கடை மெஷின்ல சோடா பொங்கவே மாட்டேங்குது. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போயேன்.

அக்கா: அஞ்சு மணிக்கு பஸ்ஸுடா. உங்க மாமா எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு.

தம்பி: பொண்டாட்டிக்காக நின்னா கால் ஒண்ணும் தேஞ்சிடாது.

அக்கா: வாயப் பாரு... சரி, கேஸ் சிலிண்டர் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குது?

தம்பி: நாலு நாளா அதே இடம். வெயில் பட்டா கொஞ்சம் ஏறுது, குளிருல இறங்குது. ஏறும்போதெல்லாம், பரவால்லியே, கேஸ் கூடுதேன்னு நெனச்சேன்.

அக்கா: மக்கு! சூட்டுல முள்ளுதான் ஏறும், சரக்கு ஏறாது.

தம்பி: ஆரம்பிச்சுட்டாங்கப்பா டீச்சரம்மா.

அக்கா: கேளுடா. பசங்க கணக்குப் போட ஒரு வாயு வெச்சிருக்கோம், இலட்சிய வாயுன்னு. துகளுக்குத் துகள் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பாதி தீர்ந்தா முள்ளும் பாதிக்கு வந்துரும். ஒளிவுமறைவே இல்ல.

தம்பி: எங்க கிடைக்கும் அது?

அக்கா: எங்கயும் கிடைக்காது. நல்ல சூடு, தாராளமா இடம்... அப்படி இருந்தா நிஜ வாயுவும் கிட்டத்தட்ட அதே மாதிரி நடந்துக்கும். சூட்டைக் குறைச்சு நெருக்கிப் பாரு, ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு திரவமா உக்காந்துரும். இதுக்குள்ள அப்படித்தான் இருக்கு. அந்தத் திரவம் இருக்கிற வரைக்கும், சூடு மாறலேன்னா முள்ளு அசையாது. கடைசிச் சொட்டும் போச்சுன்னா மடமடன்னு இறங்கிரும்.

தம்பி: அப்ப... முள்ளைப் பாத்து மிச்சம் எவ்வளவுன்னு சொல்ல முடியாது?

அக்கா: முடியாது. எடை போட்டாத்தான் தெரியும்.

தம்பி: நீயும் அப்படித்தாங்க்கா.

அக்கா: என்ன உளர்ற?

தம்பி: வந்ததுலேர்ந்து அதே சிரிப்பு. கேட்டா, ‘அவருக்கென்ன, தங்கமான மனுஷன்’. நேத்து பெட்டி அடுக்கும்போது ஒரே புடவையை மடிக்கிற, பிரிக்கிற, மறுபடி மடிக்கிற... பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

அக்கா: மடிப்பு சரியா வரலடா, அவ்வளவுதான்.

தம்பி: பயமா இருக்குக்கா. நீ மடமடன்னு இறங்குற அன்னிக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.

அக்கா: ...மணி என்னடா?

தம்பி: அஞ்சே கால். பஸ் போயிருக்கும்... அக்கா, திட்டாத. மெஷினுக்குப் போற குழாயை நான்தான் மூடி வெச்சேன்.

அக்கா: முள்ளு நிக்குதுன்னு நீ சொன்னப்பவே தெரியும், உள்ள சரக்கு இருக்குன்னு. குழாய் மூடியிருக்கிறதையும் பாத்துட்டேன். பஸ் போகட்டும்னுதான்டா இவ்வளவு நேரம் பாடம் நடத்தினேன்.