பின்கதவுச் சங்கிலியும் நவமணி அக்காளின் விசிலும்

அவைத் தலைவர் திரு. கார்த்திகேசு அவர்களே, இன்று பார்த்து என் பக்கத்து நாற்காலியில் வந்து மாட்டிக்கொண்ட எங்கள் தொழிற்சாலை மேலாளர் திரு. சத்தியசீலன் அவர்களே, தாய் நவமணி அக்காளை இழந்து நிற்கும் மாதவி அவர்களே, நாளெல்லாம் நாற்காலி செய்தும் உட்கார நேரமில்லாத என் தோழர்களே, வணக்கம்.

ரவாங்கில் வம்பு பேச ஆள் தேடினால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, இந்தத் திவாகரன் பெயர்தான் முதலில் வரும். இன்றைய வம்பு ஒரு பின்கதவைப் பற்றியது.

நம் தீப்பாதுகாப்புக் குழுத் தலைவி நவமணி அக்காள், கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு ஆண்டுகள் நம்மோடு மெருகுப் பிரிவில் நின்றவர். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவர் நடத்திய முதல் தீப்பயிற்சி நினைவிருக்கிறதா? சைரன் ஊதியது. ஓடினோமா? இல்லை! நூற்று நாற்பது பேரும் முன்வாசலில் பஞ்ச் கார்டு அடிக்க வரிசையில் நின்றோம்! அடிக்காமல் வெளியே போனால் அரைநாள் சம்பளம் போய்விடுமே! அந்த வரிசையில் முதல் ஆள் யார்? அடியேன்தான்.

"என்னா திவா, கார்டு அடிச்சிட்டுத்தான் எரியப் போறியா? தீகிட்ட ஓவர்டைம் கேப்பியா லா?" என்றார் அக்காள்.

மறுநாள் மேலாளர் அறை வாசலில் மதியம்வரை நின்றார். சைரன் ஊதினால் கார்டு அடிக்க வேண்டாம், சம்பளம் வெட்டப்படாது என்று கடிதம் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். பின்கதவில் கிடந்த சங்கிலியையும் கழற்ற வைத்தார். அடுத்த பயிற்சியில் வெளியே மரத்தடியில், தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுப்பதுபோல, ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு ஆள் சரிபார்த்தார். நாம் சிரித்தோம். நான் கூடுதலாகவே சிரித்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெருகு அறையில், மெருகில் கலக்கும் தின்னர் தீப்பிடித்தது. அன்றைய பெரட்டில் நூற்று முப்பத்தொன்பது குரல்கள். ஒருவர் மட்டும் இல்லை. ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தவன் நான்! கண் விழித்தால் எங்கும் புகை. வழி தெரியவில்லை. பின்கதவில் நின்று அக்காள் விசில் ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தேன். புகையில் மயங்கி விழுந்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அது அக்காள் விட்ட அறை.

"பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும்டா!" என்றார். அப்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

அக்காள் போய்ப் பன்னிரண்டு நாள். பத்தாம் நாளே பின்கதவில் மறுபடியும் சங்கிலி! கேட்டால், சாமான் திருட்டுப் போகிறதாம். மேலாளர் அவர்களே, ஒரு நாற்காலி போனால் நாங்கள் இன்னொன்று செய்து தருவோம். ஒரு திவாகரன் போனால்? என் மனைவி குமுதா சிரிக்கிறாள். சரி, வேறு யார் பெயரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்குமா, இல்லையா?

தோழர்களே! அக்காளுக்குப் படம் திறந்துவிட்டோம். அது போதுமா? போதாது! நாளைக் காலை வேலைக்கு வருவோம். ஆனால் பின்கதவுக்கு வெளியே நிற்போம். நான் பெரட்டு எடுப்பேன். சங்கிலி கழன்று விழும்வரை ஒருவரும் உள்ளே போகமாட்டோம்! நிர்வாகம் யார் பெயரையாவது குறித்துக்கொள்ள வேண்டுமா? முதலில் என் பெயரை எழுதுங்கள். கார்டு வரிசையில் முதல் ஆளாக நின்றவனுக்கு இந்த வரிசையிலும் முதல் இடம் வேண்டும்.

இதோ, மாதவி என்னிடம் கொடுத்த விசில். இந்த மண்டபத்துப் பின்கதவையும் நாற்காலிகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். எல்லாம் நாம் செய்த நாற்காலிகள்! கூட்டம் தொடங்குமுன் நானே அவற்றை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

இப்போது ஊதப்போகிறேன். வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட யாரும் நிற்காதீர்கள். எல்லோரும் பின்கதவு வழியாக வெளியே வாருங்கள்.

மேலாளர் அவர்களே, நீங்களும்தான் வரவேண்டும். உங்கள் பெயரையும் கூப்பிடுவேன்.