விதை போடாத விரிசல்

ராத்திரி ஒண்ணே முக்கால். ஃபேக்டரிங்க இருக்கிற நீளமான ரோடு... ரெண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர். நடுவுல ஒரு ஸ்கூட்டர், ஒரு மனுஷன். வேற ஈ காக்கா இல்ல.

அந்த மனுஷன் என் சிநேகிதனோட அக்கா வீட்டுக்காரர். பொய் சொல்ற ஆள் இல்ல. பொய் சொல்லக் கற்பனை வேணும், அது அவருக்குக் கிடையாது. இரும்புச் சாமான் எப்ப உடையும்னு கம்ப்யூட்டர்லயே உடைச்சுப் பார்த்துச் சொல்றதுதான் வேலை. ஆபீஸ்ல பட்டப்பேரு விரிசல்.

அன்னிக்கு அவர் கணக்குப் போட எடுத்திருந்தது ஒரு கிரேன் கொக்கி. இருபது டன் தூக்கும். அந்தக் கிரேனை ஓட்டுறது அவரோட கூடப் பிறந்த தம்பி. காலையில 'கொக்கி நல்லாருக்கு'ன்னு இவர் கையெழுத்துப் போடணும். இவருக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்த பெரியவர், கொக்கியில கோளாறு இருக்குன்னு தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தாரு. யாரும் காதுல போட்டுக்கல. கடைசியில டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தானே கிரேன் மேல ஏறினாரு... விழுந்துட்டாரு. அங்கேயே முடிஞ்சுது.

இப்ப ஒண்ணு கேட்டுக்குங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற இரும்பு பழுதில்லாத இரும்பு. இவங்க முறையில அது தானா விரியாது. முதல்ல நாமதான் மயிரிழை அளவு ஒரு கீறல் போட்டு விடணும். அதை விதைன்னு சொல்வாங்க. அது எப்படி வளருதுன்னு பார்க்கறதுதான் கணக்கு.

இவர் சாயங்காலம் கணக்கை ஓடவிட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டாரு. நடு ராத்திரியில தூக்கிவாரிப் போட்டுச்சு. விதை போடவே மறந்துட்டாரு. அதுக்குத்தான் அந்த ஸ்கூட்டர்.

ஆபீஸ்ல யாருமில்ல. ஏசி மட்டும் உறுமுது. ஸ்கிரீனைப் பார்த்தாரு... கொக்கி வளைவுல, உள்பக்கம், ஒரு விரிசல். ரெண்டா உடைஞ்சிருக்கு. கீழே ஒரு வரி. ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டாவது தடவை தூக்கும்போது உடையும்.

மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு மறுபடி ஓடவிட்டாரு. விதை இல்லாமத்தான். அதே இடம். அதே நம்பர்.

மூணாவது தடவை ஓடும்போது... டிக்.

இரும்பு விட்டுக்கொடுக்கிற சத்தம். முதுகுக்குப் பின்னாடி. கூடவே வாசனை... நெத்தியில தடவுற தைலம். அந்தப் பெரியவருக்கு ஓயாத தலைவலி, அந்த டப்பா இல்லாம அவரை யாரும் பார்த்ததில்ல. நம்ம ஆளு திரும்பிப் பார்க்கல. போனை எடுத்தாரு. தம்பிக்கு அன்னிக்கு நைட் ஷிஃப்ட்.

"டேய், உன் கிரேன் இதுவரைக்கும் எத்தனை தடவை தூக்கியிருக்கு? மீட்டரைப் பாரு."

"இந்நேரத்துல எதுக்குண்ணே... இரு. ஆறாயிரத்து நானூத்திப் பதினொண்ணு. அடுத்த லோடை மாட்டிக்கிட்டிருக்காங்க."

"கழட்டச் சொல்லு. மெயினை அணைச்சுட்டுச் சாவியோட இறங்கு."

"மேனேஜர் தோலை உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும்டா. நீ இறங்கு."

சொல்லும்போதே அண்ணன் அழுதுட்டாரு. அவர் அழுது அவன் கேட்டதே இல்ல. லோடைக் கழட்டச் சொல்லிட்டு இறங்கிட்டான். கீழே இருந்தவங்களையும் வெளியே கூட்டிட்டு வந்து ஷெட்டைப் பூட்டினான். அண்ணனும் வந்து சேர்ந்தாரு. எல்லாரும் ஃபேக்டரி கேட் பக்கத்துல, வாட்ச்மேன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க.

நாலு மணி இருக்கும். உள்ளே ஒரே ஒரு சத்தம்... தொம்.

திறந்து பார்த்தாங்க. கொக்கி ரெண்டாகித் தரையில கிடக்கு. வளைவுல, உள்பக்கம். மெயின் அணைஞ்சபடியே இருக்கு. சாவி தம்பி பாக்கெட்டுல. கொக்கியில ஒண்ணும் மாட்டல, சங்கிலிகூட இல்ல.

காலையில மேனேஜர் முன்னாடி மீட்டரைப் போட்டுப் பார்த்தாங்க. ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. நேரம், மூணு அம்பத்தெட்டு.

அந்த மீட்டர் ஒவ்வொரு தடவையும் தூக்கின எடையையும் எழுதி வைக்கும். கடைசி வரியிலயும் எழுதியிருந்துச்சு, ஒரு ஆளோட எடைதான்...

அறுபத்தெட்டு கிலோ.