பதினேழு டிக்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். கோப்பையில் மட்டும் கொஞ்சம் சோப்பு வாசனை. கொண்டு வந்தவரைப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "கழுவினப்புறம் இன்னொரு தடவை அலசிடுங்க" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "உனக்குச் சுத்தமே கிடையாதா" என்று கேட்டால் அவர் முகம் சுண்டிப்போகும், கோப்பையும் அப்படியேதான் வரும். ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்ல வேண்டும். நாலு பேர் எதிரில் சொல்லக் கூடாது. ஆறப் போடவும் கூடாது. பதினான்கு வருடமாக இதைத்தான் எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சரியாகச் சொன்னோமா என்பதற்கு ஒரே அடையாளம்தான். அந்தத் தவறு திரும்ப வராது.

நீங்கள் பச்சை நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

லிஃப்ட் பராமரிப்பு எங்கள் தொழில். எனக்குக் கீழே ஒன்பது மெக்கானிக்குகள். அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பேன், பார்த்ததை அந்தப் பச்சை நோட்டில் ஒரு வரியாக எழுதுவேன், மறுநாளைக்குள் அந்த ஆளிடம் சொல்லுவேன், சொல்லி முடித்ததும் வரிக்குப் பக்கத்தில் டிக் போடுவேன். சொல்லாமல் டிக் போட்டதில்லை. டிக் இல்லாமல் ஒரு வரியை இரண்டு நாள் விட்டதும் இல்லை. என் மனைவி சிரிப்பாள். "உங்க நோட்டுல நான் இல்லையே, அந்த மட்டும் புண்ணியம்" என்பாள்.

ஒன்பது பேரில் ஒருவனை மின்னல் என்று கூப்பிடுவோம். முப்பத்தொரு வயது. மற்றவர்கள் ஒன்றரை மணி நேரம் பார்க்கிற வேலையை நாற்பது நிமிடத்தில் முடிப்பான். அந்தப் பெயரை வைத்தது நான். ஆனால் அது பிறகு நடந்தது.

முதலில் நடந்தது இது. போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்தத் தடவை மெக்கானிக்குகள் மேற்பார்வையாளரைப் பற்றி எழுத வேண்டும், பெயர் போட வேண்டாம். எட்டுப் பேர் "நல்லவர்" என்று எழுதினார்கள். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒன்பதாவது தாளை மேனேஜர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "போன மாசம் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு அண்ணன் மேலே ஏறாமலே கீழே நின்று கையெழுத்துப் போட்டார். ஏறிப் பார்த்திருந்தால் தேய்ந்த கயிறு அன்றைக்கே தெரிந்திருக்கும். இனிமேல் மேலே வந்து பார்க்கச் சொல்லுங்கள்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்பது பேரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், "என்ன சார், உங்க பாடத்தை உங்களுக்கே நடத்திட்டாங்க போல" என்று சிரித்தார். அந்த மாதம் எனக்கு வர வேண்டிய பயிற்சித் தலைவர் பதவி வரவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது நல்ல வாக்கியம். தேதி இருந்தது. என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, இனி என்ன செய்ய வேண்டும், எல்லாம் இருந்தது. என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவன்தான் உருப்படியாகக் கற்றிருந்தான்.

மறுநாள் காலை மின்னலே வந்தான். "அண்ணே, அதை எழுதினது நான்தான். உங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கணும். கூட்டத்துல படிப்பாங்கன்னு தெரியாது."

"நல்லாத்தானேப்பா எழுதியிருக்கே" என்றேன்.

"மனசுல எதுவும் வச்சுக்காதீங்கண்ணே."

அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். எழுதியது தப்பு என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எழுதியது உண்மை. அந்த உண்மையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து மேலே ஏறினேன். எந்தக் கட்டடமானாலும் படியேறிப் போய்ப் பார்த்தேன். பாருங்கள், அவன் சொன்னது வேலை செய்தது. ஏறியதால்தான் அவன் வேலை செய்வதை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றுதான் அது ஏறி இறங்குகிற பக்கத்துத் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போட வேண்டும். கூரையில் கால் வைத்ததும் முதல் வேலை, அங்கே இருக்கிற சிவப்பு சுவிட்சை அழுத்துவது. அழுத்திவிட்டால், எந்த மாடியில் யார் பொத்தானைத் தொட்டாலும் லிஃப்ட் அசையாது. அழுத்தாவிட்டால், தலைமேல் ஆள் நிற்பது லிஃப்டுக்குத் தெரியாது. கூப்பிட்ட இடத்துக்குக் கிளம்பிவிடும். மின்னல் அதை அழுத்தவில்லை. தரைத்தளத்தில் 'வேலை நடக்கிறது' போர்டை மாட்டிவிட்டு ஏறிவிடுவான். சுவிட்சை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் லிஃப்டைத் திரும்ப ஓட வைக்கப் பத்து நிமிடம் ஆகும், ஒரு வேலைக்கு ஐந்து தடவையாவது ஏறி இறங்க வேண்டும். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில்தான் அவன் மின்னலாக இருந்தான்.

நோட்டில் எழுதினேன். தேதி, கட்டடம், "சிவப்பு சுவிட்சை அழுத்தவில்லை". மறுநாள் அவனிடம் போனேன். வாயைத் திறந்தேன். "உன் வேகம் யாருக்கும் வராதுடா, மின்னல்" என்றுதான் வந்தது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. டிக் போடவில்லை. சொல்லவில்லை அல்லவா.

அடுத்த வாரம் மறுபடி பார்த்தேன். எழுதினேன். அந்த மாதக் கூட்டத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தேன். நேரத்தை மிச்சப்படுத்துவதில் முதல் ஆள் என்று கடிதம் கொடுத்தேன். அவன் மனைவி எனக்கு போன் செய்தாள். "அண்ணா, உங்க லெட்டரை கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. நீங்க சொன்னப்புறம் ஆளே மாறிட்டாரு. இப்ப இன்னும் சீக்கிரமா முடிக்கிறாராம்." நான் சந்தோஷம் அம்மா என்றேன். பாராட்டுக்கும் அதே விதிதான், மேடம். எதைப் பாராட்டுகிறோமோ அது வளரும்.

கூட வேலை செய்கிற ஒரு மூத்த மெக்கானிக் கவனித்துவிட்டார். கண்ணாடிக்காரர் என்போம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இவன் சுவிட்சைத் தொடுறதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் பயமா இருக்கு. நானே ரெண்டு வார்த்தை சொல்லிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். "ஒரே ஆளுக்கு நாலு பேர் குறை சொன்னா மனசு விட்டுப் போயிடும். நான் பார்த்துக்கறேன். நீங்க விட்டுடுங்க."

அவர் நிம்மதியாகப் போனார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவரை இதில் இழுக்காதீர்கள். அவர் சொல்ல வந்தார், நான்தான் அவர் வாயைக் கட்டினேன்.

அப்படிப் பதினேழு வரி சேர்ந்தன. ஒன்றுக்கும் டிக் இல்லை. பதினேழு தடவையும் நான் படியேறித்தான் போனேன், கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன், எழுதினேன், இறங்கினேன். அவன் ஒரு தடவை பார்த்துவிட்டு, "முட்டி வலியோட ஏன்ணே இவ்வளவு தூரம் ஏறி வர்றீங்க, உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டான். மடியில் எண்ணெய்த் துணி, கையில் தூரிகை, கண்ணில் அப்படி ஒரு ஆசை. என்னிடம் ஒரு குறை கேட்க ஏங்கினான் என்று இப்போது தோன்றுகிறது. குறையே சொல்லாத மேற்பார்வையாளரை யாரால் நம்ப முடியும்? "ரொம்பத் திருப்திப்பா" என்றேன்.

நான் அவனைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொன்னதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அந்த ஏழு மாடிக் குடியிருப்பு. யார் பொத்தானை அழுத்தினார்கள் என்றுதான் நீங்கள் மூன்று நாளாகத் தேடுகிறீர்கள். இரண்டாம் மாடிப் பெரியவரை இங்கே உட்கார வைத்து, போர்டைப் பார்க்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாக வாட்ச்மேன் சொன்னார். பாவம், அவர் தொடவே இல்லை. தப்பான ஆளிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் பலன் கிடையாது. இதையும் ஒரு குறையாக உங்களிடம் சொல்லிவிடுகிறேன், தனியாக இருக்கும்போதே.

அன்றைக்குக் காலையில் ஒரு முடிவோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். இன்றைக்கு அவனிடம் சொல்லிவிடுவது என்று. பதினேழு வரி டிக் இல்லாமல் நிற்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் மனைவிகூட, "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். ஒரு பாக்கி இருக்கிறது, இன்றைக்குத் தீர்த்துவிடுவேன் என்றேன்.

வாட்ச்மேன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தார். தரைத்தளத்தில் யாரும் இல்லை. மேலே ஏழாம் மாடியில் கூரைமேல் நின்று மின்னல் ஏதோ பாட்டை முணுமுணுப்பது லிஃப்ட் குழிக்குள் கேட்டது. படிக்கட்டு எனக்கு இடது பக்கம் நாலு அடியில் இருந்தது. பதினேழு தடவை ஏறிய முட்டி அன்றைக்கு வலித்தது. மேலே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியது அவன்தானே. மேலே போவதற்காகத்தான் பொத்தானை அழுத்தினேன்.

போர்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அது பொதுமக்களுக்காக மாட்டுவது. நான் பொதுமக்கள் இல்லை.

லிஃப்ட் இறங்கும்போது, அதன் எடைக்கு ஈடாகக் கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எதிர்ப்பக்கத்துப் பாரக்கட்டை மேலே ஏறும். அவன் அந்தப் பக்கம் குனிந்திருந்தான் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பாட்டு நின்றது. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. நான் ஏறவில்லை. ஏறுவதற்கு இனி வேலை இல்லை என்று தெரிந்தது.

பதினேழு டிக்கும் எப்படி ஒரே மையில், ஒரே தேதியில் இருக்கின்றன என்று கேட்டீர்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அப்போதுதான் போட்டேன், மேடம். சொல்லாமல் நான் டிக் போடுவதில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, தனியாக, யார் முன்னாலும் அவமானப்படுத்தாமல். அந்தத் தவறு திரும்ப வரவில்லை.