சினாப்ஸ் கேட்ட பெட்டை

எண்பதுகளில் ஒரு மாலை, சுவிஸில் பேர்னிலிருந்து சோலோதுர்ன் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவர் நோர்வேயிலிருந்து வந்த விருந்தாளி; இளையவர் இங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் வேலை செய்பவர்.

“எங்கடை நோர்வேயிலை சாராயம் அரசாங்கக் கடையிலை மட்டுந்தான். இருபது வயசும் வேணும். இஞ்சை கேட்பாரில்லை.”

“ஆர் சொன்னது? இஞ்சை பியருக்குப் பதினாறு, சாராயத்துக்குப் பதினெட்டு. போன கிழமை எங்கடை ரெஸ்ரோறன்ரிலை ஒரு சுவிஸ் பெட்டை சினாப்ஸ் எண்ட சாராயம் கேட்டவள். அடையாள அட்டையைக் காட்டு எண்டன்.”

“நீயோ?”

“ஓம். கேக்க நீ ஆர் எண்டு கத்தினவள். முதலாளி வந்து, ‘அவர் கேட்டால் காட்டத்தான் வேணும்’ எண்டார்.”

“காட்டினவளோ?”

“ஓம், பதினேழு வயசு. அப்பிள் யூஸ்தான் குடுத்தன். அண்ணை, இந்த நாட்டிலை எல்லாரும் என்னட்டைத்தான் அட்டை கேக்கிறவை. அண்டைக்கு நான் கேட்டன்.”