பச்சைப் பட்டு

ஜெனிபர்: ...அப்போ என் கிறிஸ்டினா கேட்டா பாரு, "அம்மா, நான் பொறந்தப்போ உனக்கு ரத்தம் குடுத்தது யாரு?"ன்னு.

குணசுந்தரி: இன்னாக்கா சொன்ன?

ஜெனிபர்: ஆண்டவர் அனுப்புன ஆளுன்னேன். சரி, எழுந்திருடி. வளைகாப்புப் பொண்ணு பாயோட ஒட்டிக்கினு உக்காந்திருந்தா எப்படி? கொசுவம் சரி பண்றேன்.

குணசுந்தரி: இருக்கட்டும்க்கா...

ஜெனிபர்: காலையில பச்சைப் பட்டு, இப்போ மெரூன். உன் கல்யாணத்துலகூட இத்தினி புடவை மாத்தலியே!

குணசுந்தரி: பச்சை... புழுக்கமா இருந்துச்சு.

ஜெனிபர்: கம்பெனியில எனக்கு வேலையே துணியில கறை கண்டுபுடிக்கிறதுதான். என்கிட்டயேவா? ...குணா, ரத்தமா?

குணசுந்தரி: கத்தாதக்கா! அத்தை காதுல விழுந்தா, தீட்டுன்னு எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. கொஞ்சந்தான். வலியே இல்ல.

ஜெனிபர்: எட்டாம் மாசத்துல ரத்தம் வந்தா கொஞ்சம், ஜாஸ்தின்னு கணக்கில்லடி. வலி இல்லன்னாலும் ஆபத்துதான். ஸ்கேன்ல இன்னா சொன்னாங்க?

குணசுந்தரி: நஞ்சுக்கொடி கீழ இருக்குது, ரத்தம் பட்டா ஒடனே வான்னு...

ஜெனிபர்: அதையும் பட்டோட மடிச்சு வச்சுட்டியா? இடது பக்கமா படு. ...அலோ, நூத்தியெட்டா? சிப்காட் பின்னால லைன் ஊடு. எட்டு மாசம், ரத்தம் போவுது. சீக்கிரம் வாங்க. ...குழந்தை அசையுதா?

குணசுந்தரி: உதைக்குது.

ஜெனிபர்: அம்மாவைவிட அறிவு ஜாஸ்தி. நனைஞ்ச துணி எத்தினி?

குணசுந்தரி: ரெண்டு. கழுவிடட்டா?

ஜெனிபர்: வேணாம். அப்படியே பையில போடறேன், டாக்டரம்மா பாக்கணும். தண்ணிகூட குடிக்காத. ...கங்கம்மா பெரிம்மா! மருமகளுக்கு ரத்தம் போவுது!

கங்கம்மா: முருகா! ஏன்டி சொல்லல? மணியம்மாளக் கூப்பிடவா? பிரசவம் பாத்த கை, தொட்டுச் சொல்லுவா.

ஜெனிபர்: ஐயோ, உள்ள யாரும் கை வைக்கக் கூடாது. ரத்தம் பொத்துக்கினு ஊத்தும்.

குணசுந்தரி: அத்தே, வளைகாப்பு...

கங்கம்மா: வளையல் எங்கயும் ஓடிடாது. தலைய என் மடியில வை கண்ணு.

*

குணசுந்தரி: புள்ளைய நாலு நாளா கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்தாங்க. இன்னிக்குத்தான்க்கா மடியில குடுத்தாங்க.

ஜெனிபர்: மூக்கு அப்படியே மாமியா. பாவம் குழந்தை!

குணசுந்தரி: சும்மா இருக்கா. ஆபரேஷன்ல எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்களாம். அதுக்கு ஈடா யாரோ ரத்தம் குடுத்துட்டு, பேர் சொல்ல வேணாம்னு போயிட்டாங்களாம். ...உன் கையில இன்னா, கன்னிப் போயிருக்குது?

ஜெனிபர்: உன் வளையல் இடிச்சுது.

குணசுந்தரி: எனக்குத்தான் வளையலே போடலியே!

ஜெனிபர்: ...பேஜாரு புடிச்சவளே. ஆறு வருஷம் முன்னால, கிறிஸ்டினா பொறந்த மறுநாள் உன் கையும் இதே எடத்துல கன்னிப் போயிருந்துச்சு. குழாயடியில குடம் இடிச்சுதுன்னு சொன்ன. நான் நம்புன மாதிரியே இருந்தேன் இல்ல? நீயும் இரு.