மீன் பார்க்கத் தாலுகா முத்திரை

விடுமுறை நாளில் மீன் காட்சிசாலையைப் பார்க்க, அதன் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் தேனியிலிருந்து கோம்பைக்குப் போன பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“தாலுகா ஆபீசு முத்திரையக் காட்டித்தான் மெட்ராசுல மீனு பாத்தோம், மதினி.”

“ஏ ஆத்தா, மீனு பாக்கவா மனு?”

“நாம எதுக்கும் அங்கனதானே குடுப்போம்? எங்க வீட்டுக்காரவுகளுக்கு மெட்ராசுல கண்ணு ஆப்பரேசன். பார்வை வருமான்னு டாக்டரே உறுதி சொல்லல. அதுக்கு முன்னால கலர் மீனப் பாக்கணும்னாக. ஆப்பரேசனுக்கு மொத நா அங்கன போனா, லீவுன்னு பூட்டிக் கெடக்கு. மனுவ வாங்கிக்கிட்டதுக்குத் தாலுகா ஆபீசுல முத்திரை குத்திக் குடுத்த நகல நீட்டுனேன். வாச்மேன் முத்திரையப் பாத்தாரு, அவுக கண்ணையும் பாத்தாரு. கதவத் தொறந்து, தொட்டி தொட்டியாக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அந்த மனுசன் நல்லா இருக்கணும்.”

“தாலுகா ஆபீசுல பதிலே போடலயா?”

“போட்டாக. ‘இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ன்னு.”

விதிப்படி மிகச் சரியான பதில்.

“கண்ணுக் கட்டப் பிரிச்சு ஊருக்கு வந்தபெறகுதான் தபால் வந்துச்சு. கண்ணாடி போட்டு அவுகளே வாசிச்சாக மதினி, கார்த்திகை தீபத்தன்னைக்கு.”