தொள்ளாயிரம் எங்கே போச்சு?

டாக்டர்: ஒண்ணுகூட இல்லை.

மனைவி: நல்லதுதானே டாக்டர்?

டாக்டர்: நல்லதா இருந்தா நான் ஏன்மா மூணு தடவை கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்க்கறேன்? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரை மூச்சு முட்டித் தூக்கிட்டு வந்தீங்க. அன்னிக்கு எடுத்த ரத்தத்துல தொள்ளாயிரம். போன வெள்ளிக்கிழமை குடுத்ததுல பூஜ்யம்.

தச்சர்: அப்ப சரியாயிடுச்சுன்னு அர்த்தம். எழுந்திரு, பட்டறையில வேலை கிடக்கு.

டாக்டர்: உட்காருங்க. இங்க வரைக்கும் உங்க நெஞ்சு விசிலடிக்கறது கேட்குது.

தச்சர்: அது... மாடிப்படி ஏறி வந்தேன்ல.

மனைவி: லிஃப்ட்லதான் வந்தோம்.

தச்சர்: லிஃப்ட் வரைக்கும் நடந்தேன்ல.

மனைவி: தொள்ளாயிரம்னா எது டாக்டர்? அன்னிக்கு நீங்க சொன்னது எதுவும் என் காதுல ஏறலை. அழுதுட்டிருந்தேன்.

டாக்டர்: ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கில்ல, அதுல ஒரு வகை. இயோசினோபில்னு பேரு. உடம்புக்குள்ள புழு கிழு வந்தா அடிச்சுத் துரத்தற காவல்காரங்கன்னு வெச்சுக்குங்க. இவருக்கு உள்ள புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆனா காவல்காரங்க மட்டும் எக்கச்சக்கம். சும்மா இருப்பாங்களா? மூச்சுக்குழாய்ல போய் உட்கார்ந்துக்கிட்டு, வர்ற மரத்தூளை எல்லாம் எதிரின்னு நெனச்சு...

தச்சர்: தூளை அடிச்சா எனக்கென்ன?

டாக்டர்: குறி தூள்மேல. அடி விழறது உங்க குழாய்மேல. அது வீங்கி, சளி கட்டி, சுருங்கிடுது. நாற்பது வயசுக்கு மேல புதுசா ஆஸ்துமா வர்ற நிறைய பேருக்கு இவங்க வேலைதான்.

தச்சர்: புரியுது. என் பட்டறையிலயும் ரெண்டு பேர் இருக்கானுங்க. ஒரு ஆணி அடிங்கடான்னா பலகையைப் பிளந்து வெச்சுட்டு நிப்பானுங்க.

டாக்டர்: அதேதான். ரத்தத்துக்குச் சீட்டு எழுதும்போதே இவர்கிட்ட சொன்னேனே, ஒரு ஊசி இருக்கு, மாசம் ஒண்ணு. காவல்காரங்களைக் கூப்பிட்டு உடம்பு அனுப்பற ஓலையையே வழியில மடக்கிடும். ஆனா புதுசா எடுத்த ரத்தத்துல முந்நூறாவது இருந்தாத்தான் எங்க ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. பூஜ்யத்துக்குக் கிடையாது.

மனைவி: கிடைக்கலேன்னா?

டாக்டர்: அடுத்த தடவை தூக்கிட்டு வரும்போது, போன தடவை மாதிரி நேரத்துக்கு வந்து சேரணும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தச்சர்: விதின்னா விதிதான். நாமளே அதை மீறலாமா? வா, போலாம்.

டாக்டர்: இருங்க. திடீர்னு இப்படித் துடைச்ச மாதிரி ஆகணும்னா, எனக்குத் தெரிஞ்சு சந்தேகப்பட வேண்டியது ஒண்ணுதான். ஸ்டீராய்டு மாத்திரை. அன்னிக்குக் குடுத்தேனே, அதை இப்ப ஏதாவது முழுங்கினீங்களா?

தச்சர்: சத்தியமா இல்லை. அதை நான் தொட்டதே இல்லை.

டாக்டர்: தொட்டதே இல்லையா? பத்து நாளைக்குச் சாப்பிடணும்னு எழுதியில்ல குடுத்தேன்?

தச்சர்: அது... மாத்திரைன்னா எனக்குத் தொண்டையிலயே நின்னுடும் டாக்டர்.

டாக்டர்: நல்லா இருக்கு. சரி, அந்த மாத்திரைக்குன்னு சில அடையாளம் உண்டு. கொலைப்பசி எடுக்கும்.

மனைவி: இவருக்கா? தட்டுல பாதியை அப்படியே வைக்கிறார். வேலை தேடி வந்து எங்களோட தங்கியிருக்கானே என் தம்பி, அவன்தான் பாத்திரத்தையே வழிக்கிறான்.

டாக்டர்: தூக்கம் வராது.

மனைவி: இவர் ராத்திரி இருமிட்டு பகல்ல உட்கார்ந்தபடியே தூங்கறார். தம்பிதான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து அலமாரி எல்லாம் துடைக்கிறான். பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சேன்னு நெனச்சேன்.

டாக்டர்: எடுத்ததுக்கெல்லாம் கோவம் வரும்.

தச்சர்: நேத்து தண்ணி மெதுவா வருதுன்னு குழாயோட சண்டை போட்டானே உன் தம்பி.

டாக்டர்: நான் தம்பியைப் பத்தி ஒண்ணும் கேட்கலையே?

மனைவி: டாக்டர்... நான் ஒண்ணு சொல்வேன். திட்டக் கூடாது.

டாக்டர்: முதல்ல சொல்லுங்க.

மனைவி: பத்து நாள் முன்னாடி இவரோட கருவிப் பெட்டியைத் தூசி தட்டினேன். உளிக்கு அடியில அந்த மாத்திரை அட்டை, பிரிக்காம அப்படியே. வயிறு எரிஞ்சு போச்சு. சொன்னாக் கேக்கற ஆளா? அதான் பொடி பண்ணி, தினமும் காலையில காபியில...

தச்சர்: எந்தக் காபியில?

மனைவி: உங்க காபியிலதான். பெரிய கப்புல.

தச்சர்: அடிப்பாவி, அதான் அப்படிக் கசந்துதா?

மனைவி: கசந்தா என்ன, குடிச்சீங்கல்ல?

தச்சர்: ஒரு வாய் வெச்சுப் பார்த்தேன். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு மிச்சத்தை உன் தம்பிகிட்ட தள்ளிட்டேன். தினமும் அவன்தான் குடிக்கிறான். எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாத பிள்ளை.

மனைவி: ஐயோ...

டாக்டர்: அவரை இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கற வரைக்கும் வைத்தியம் பண்றேன்னு யாரும் எதுவும் கலக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து நல்ல ஆளைப்... ஒரு நிமிஷம்.

மனைவி: என்ன டாக்டர்?

டாக்டர்: மாத்திரை போனது உங்க தம்பி வயித்துக்கு. ரத்தம் இவரோடது. அப்புறம் இவர் ரத்தத்துல எப்படிப் பூஜ்யம்?

தச்சர்: இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?

டாக்டர்: திறந்துதான் இருக்கு. வெள்ளிக்கிழமை எந்தக் கையில ரத்தம் எடுத்தாங்க?

தச்சர்: வலது... இல்லை, இடது.

மனைவி: என்னங்க முழிக்கறீங்க? ஊசின்னா பயமா? கையில ஆணி ஏறினா பல்லால பிடுங்கிட்டு வேலையைப் பார்க்கற ஆளாச்சே நீங்க.

தச்சர்: ஆணி சொல்லாம ஏறும். இங்க உட்கார வெச்சு, பஞ்சால துடைச்சு, எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. அது வேற.

டாக்டர்: ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தோமே?

தச்சர்: அப்ப எனக்கு நினைவில்லையே.

மனைவி: இங்க பாருங்க. ராத்திரி பூரா உங்க மூச்சை எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். விசில் கேட்டா தூக்கம் வரலை. கேட்கலேன்னா என் உயிரே போயிடுது. மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன். என்ன பண்ணியிருந்தாலும் பரவாயில்லை... சொல்லிடுங்க.

டாக்டர்: சீட்டு உங்க பேர்ல. ஊசி யார் கையில?

தச்சர்: ...மச்சினன் கையிலதான் டாக்டர். திடகாத்திரமான பையன், அவன் ரத்தம்னா எல்லாம் ஒழுங்கா இருக்கும், மாசாமாசம் குத்துப்படாமத் தப்பிச்சுடலாம்னு கெஞ்சி அனுப்பி வெச்சேன். இந்தாங்க என் கை, எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. நீ கிட்ட வந்து நில்லு... இப்படி ரெண்டு பேரும் சேர்ந்து அவன் ஒருத்தனையே நோயாளி ஆக்கியிருக்கோம்னு நான் கனவா கண்டேன்?